வாட்கின்ஸ் கிளென் அருவிப் பாதை: ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோடை வந்தால் நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருக்கும் நம் வீடுகளில் ஊரிலிருந்து பெற்றோர் வந்து இறங்குவார்கள். அடுத்த பேச்சு நயாகராதான். 'போற வழியில வாட்கின்ஸ் கிளென்னும் பார்த்துடுங்க' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்புறம் எனக்கு போன் வரும். கேட்கிற ஆள்தான் வேறு, கேள்விகள் அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கட்டணமும் திறப்பு நாளும் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால், கிளம்பும் முன் மாநிலப் பூங்காவின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்கின்ஸ் கிளென்னா என்னங்க? ஊர் பேரா, அருவி பேரா?

ஊர் பேர், பூங்காவின் பேரும் அதுவே. நியூயார்க் மாநிலத்தில் ஃபிங்கர் லேக்ஸ் என்ற ஏரிப் பகுதியில், செனிகா ஏரியின் தென்முனையில் இருக்கும் சிற்றூர் இது. ஊரின் கடைத்தெருவை ஒட்டியே மலையில் ஓர் இடுக்கு திறக்கிறது. அதற்குள் கிளென் கிரீக் என்ற ஓடை சுமார் 2 மைல் தூரத்தில் 400 அடி இறங்குகிறது. இறங்கும் வழியில் 19 அருவிகள். இரண்டு பக்கமும் 200 அடி வரை உயர்ந்த பாறைச் சுவர்கள்.

ஓடையை ஒட்டியே கல் பாவிய நடைபாதை போகிறது. 'கார்ஜ் டிரெயில்' என்பார்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மைல், மொத்தம் 832 படிகள். இந்த எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். கீழே வரும் பாதி கேள்விகளுக்குப் பதில் இதில்தான் தொடங்கும்.

நயாகராவே பார்க்கப் போறோம், அதுக்கு முன்னாடி இது எதுக்கு?

நயாகராவில் நீங்கள் நிற்கிறீர்கள், தண்ணீர் விழுகிறது. இங்கே நீங்கள் நடக்கிறீர்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அருவி வருகிறது. தலைக்கு மேல் ஒன்று, பாலத்துக்குக் கீழே ஒன்று, சில இடங்களில் முகத்துக்கு எதிரே ஒரு திரை. இருக்கிறதிலேயே உயரமான சென்ட்ரல் கேஸ்கேடு 60 அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். உயரத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து போவார்.

என்னைக் கேட்டால், நயாகராவுக்கு முன் இதைப் பாருங்கள். அந்தப் பிரம்மாண்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் 'என்னப்பா, சின்னதா இருக்கு' என்ற வார்த்தை அப்பாவிடமிருந்து நிச்சயம் வரும்.

எடிசன்லேர்ந்து எவ்வளவு நேரம்?

நியூ ஜெர்சியின் எடிசன் பக்கமிருந்து காரில் சுமார் நாலு மணி நேரம். மன்ஹாட்டனிலிருந்து நாலரை முதல் ஐந்து வரை. அங்கிருந்து நயாகராவுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். இத்தாக்கா முக்கால் மணி நேரத்தில், கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கும் கார்னிங் அரை மணி நேரத்தில்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

கார்ஜ் டிரெயில் பொதுவாக மே நடுவில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடும். மே, ஜூனில் தண்ணீர் தாராளமாக வரும். ஆகஸ்ட் கடைசியில் மழை இல்லாத வருஷமாக இருந்தால் அருவிகள் மெலிந்துவிடும், ஆனால் பாறையின் வடிவங்கள் நன்றாகத் தெரியும். அக்டோபர் நடுவில் இலைகள் நிறம் மாறும் வாரங்களில் இடுக்கின் உச்சி முழுக்க மஞ்சளும் சிவப்பும்தான். ஆனால் கூட்டமும் அப்போதுதான்.

இந்த ஊரில் பெரிய கார் பந்தய மைதானம் ஒன்று உண்டு. 1961 முதல் 1980 வரை அமெரிக்க ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த இடம் அது. இன்றும் பெரிய பந்தய வார இறுதிகளில் ஓட்டல் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். அறை போடுவதற்கு முன் பந்தய நாட்களைப் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட் எவ்வளவு?

ஆளுக்கு டிக்கெட் கிடையாது. காருக்கு நிறுத்தக் கட்டணம்தான், 10 டாலர் அளவில். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நாளில் பக்கத்து மாநிலப் பூங்காவுக்குப் போனால் வழக்கமாக அதையே காட்டலாம்.

முழுசா நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கீழிருந்து மேலே, நின்று படம் எடுத்துப் போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். திரும்பும்போது அதே பாதையில் வரவேண்டும் என்பதில்லை. மேலே விளிம்பை ஒட்டி, மரங்களுக்கு நடுவே போகும் 'இந்தியன் டிரெயில்' வழியாக இறங்கலாம். அதில் படிகள் குறைவு, கூட்டமும் குறைவு. மொத்தத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 'அரை மணி நேரத்துல பார்த்துட்டு ஓடிடலாம்' என்பவர்கள் கடைசியிலிருந்து இரண்டாவது கேள்விக்குப் போய்விடுங்கள்.

வாசல் மூணு இருக்குங்கறாங்க. எதுல நுழையறது?

கடைத்தெருவில் இருப்பது முதன்மை வாசல், அது இடுக்கின் அடிவாரம். மேல் வாசல் பாதையின் மறுமுனையில், உச்சியில். தெற்கு வாசல் நடுவில். கூடார முகாமும் நீச்சல் குளமும் அந்தப் பக்கம்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்குக் கீழ் வாசல்தான் சரி. கையால் குடைந்த சுரங்கத்துக்குள் படியேறி வெளியே வந்ததும் சென்ட்ரி பாலத்தில் நிற்பீர்கள், காலுக்குக் கீழே ஓடை, எதிரே இடுக்கு முழுதும். இறங்கி வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடும். கூட்ட நாட்களில் சில பகுதிகளை ஒருவழியாக்கியிருக்கலாம், வாசல் பலகையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மேல இறக்கிவிட்டு கீழே நடந்து வரச் சொன்னா ஈஸிதானே?

எல்லோரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள், பல பேர் ஆலோசனையும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏறுவது மூச்சுக்குச் சிரமம், இறங்குவது முழங்காலுக்குச் சிரமம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பின் எடை முழுக்க வளைந்த முழங்காலில் விழும். மேல் வாசலில் தொடங்கினால் முதலிலேயே 'ஜேக்கப்ஸ் லேடர்' என்ற 180 படி இறக்கம் வரும். முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட மோசமான ஆரம்பம் இருக்க முடியாது. படிகள் ஈரம் வேறு.

அதனால் மூச்சு வாங்குகிறவர், இதயத் தொந்தரவு உள்ளவர் என்றால் மேலிருந்து கீழே. முழங்கால் மட்டும்தான் பிரச்சினை என்றால் கீழிருந்து மேலே, நிதானமாக, முடிகிற வரை. உச்சி வரை போகிறவரை ஏற்றி வர ஒருவர் காரை மேல் வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். கோடையில் வாசல்களுக்கிடையே ஷட்டில் வண்டியும் ஓடும், அன்றைக்கு ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். 'நான் என்ன கிழவியா' என்பார், பத்தாவது படியில் வாங்கிக்கொள்வார்.

மாமனாரால படியே ஏற முடியாது. அவரை கார்லயே உட்கார வைக்கிறதா?

வேண்டாம். முதன்மை வாசலின் முற்றம் சமதளம், அங்கிருந்தே இடுக்கின் வாயும் அதன் மேல் நிற்கும் பாலமும் தெரியும். ஆனால் சக்கர நாற்காலி அதைத் தாண்டிக் கார்ஜ் டிரெயிலில் போகாது.

அவருக்காகவே பக்கத்தில் வேறு அருவிகள் இருக்கின்றன. தெற்கே சில நிமிஷ ஓட்டத்தில் மாண்டூர் ஃபால்ஸ் என்ற ஊர். அங்கே ஷீகுவாகா என்ற 156 அடி அருவி, வீடுகள் இருக்கும் தெருவின் முனையில் நின்று கொட்டுகிறது. காரை நிறுத்தி இறங்கினால் எதிரே அருவி, நடையே இல்லை. ஏரியின் கிழக்குக் கரைச் சாலையில் ஹெக்டர் அருவியும் அப்படியே. இத்தாக்கா போகிறவர்கள் டௌகானக் அருவியைத் தவறவிடக் கூடாது. 215 அடி, ஒரே வீழ்ச்சி, நயாகராவைவிட உயரம். சாலையோரப் பார்வை மேடையிலிருந்தே பார்க்கலாம். கீழே அருவியடி வரை போகும் முக்கால் மைல் பாதையும் சமதளம்தான். படியேற முடியாதவர்களுக்கு வாட்கின்ஸ் கிளென்னைவிட டௌகானக் நல்லது என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

குழந்தைக்கு ஸ்ட்ரோலர் எடுத்துட்டு போகலாமா?

832 படி. முதுகில் கட்டிக்கொள்ளும் பை எடுத்துப் போங்கள். ஓடத் தெரிந்த குழந்தை என்றால் கையை விடாதீர்கள். பாதையோரக் கைப்பிடிச் சுவர் பல இடங்களில் பெரியவர் முழங்கால் உயரம்தான், அதற்கு அந்தப் பக்கம் நேரே பள்ளம்.

குற்றாலம் மாதிரி குளிக்கலாமா? துண்டு எடுத்துக்கவா?

நம் ஆட்கள் அத்தனை பேரும் கேட்பது. குளிக்கக் கூடாது, காலை நனைக்கவும் கூடாது. பாதையை விட்டு ஓடையில் இறங்கவே அனுமதி இல்லை. காரணமும் உண்டு. அருவிக்கு அடியில் இருக்கும் மடுக்கள் மேலிருந்து பார்த்தால் ஆழமில்லாதவை போலத் தெரியும். சுவர் வழுவழுப்பான பாறை, உள்ளே விழுந்தால் பிடித்து ஏற ஒரு விளிம்பு கிடைக்காது.

குளித்தே ஆகவேண்டும் என்றால் இத்தாக்கா பக்கம் ராபர்ட் ட்ரீமன் பூங்காவுக்குப் போங்கள். அங்கே கோடையில் அருவியடியில் உயிர்காப்பாளர்கள் இருக்கும்போது நீந்த விடுவார்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கும். எண்ணெய் தேய்த்துத் தலையைக் கொடுத்து நிற்கும் குளியலை எதிர்பார்க்காதீர்கள்.

என்ன போட்டுட்டு போறது? அம்மா சேலைதான் கட்டுவாங்க.

சேலை பரவாயில்லை, கொஞ்சம் தூக்கிக் கட்டினால் போதும். செருப்புதான் ஆகாது. வெயில் காயும் நாளிலும் பாதை நனைந்தே இருக்கும், பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருப்பதால் நிழல் பகுதியில் பாசியும் உண்டு. பிடிப்புள்ள ஷூ கட்டாயம். உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சி, எனவே ஒரு மெல்லிய ஸ்வெட்டர். நாயைக் கார்ஜ் டிரெயிலில் விடமாட்டார்கள், விளிம்புப் பாதைகளில் கயிற்றோடு போகலாம்.

புளியோதரை கட்டி எடுத்துட்டு போறோம், எங்க உட்கார்ந்து சாப்பிடறது? பாத்ரூம் இருக்கா?

உள்ளே இரண்டுமே இல்லை. வாசல்களில்தான் கழிப்பறை. முக்கியமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர்களை நுழைவதற்கு முன்பே போய்வரச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குத் தெற்கு வாசல் பக்கம் மேசை, பெஞ்சு போட்ட திடல் இருக்கிறது. ஊருக்குள் சைவச் சாப்பாடு என்றால் பீட்சாதான், புளியோதரை நல்ல யோசனை.

அருவிக்குப் பின்னாடி நடக்கலாமாமே, நிஜமா? நனைஞ்சிடுவோமா?

நிஜம்தான், இரண்டு இடங்களில். முதலாவது கேவர்ன் கேஸ்கேடு, கீழ் வாசலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே வரும். பாதை அருவிக்கும் பாறைக்கும் நடுவே நுழைந்து, உடனே சுருண்டு ஏறும் ஒரு சுரங்கப் படிக்கட்டுக்குள் போகிறது. சாரல் தெறிக்கும், போனைப் பையில் போடுங்கள், அதற்குமேல் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது ரெயின்போ அருவி. விளிம்பிலிருந்து பாதைக்கு மேலாக விழும் மெல்லிய திரை அது. அதை ஒட்டி ஒரு கல் வளைவுப் பாலம். வாட்கின்ஸ் கிளென் என்று தேடினால் வரும் படங்களில் முக்கால்வாசி இந்த இடம்தான். வெயிலுள்ள பிற்பகலில் அந்தத் திரையில் வானவில் தெரியும். காலையில் போனவர்கள் 'எங்க சார் ரெயின்போ' என்று என்னிடம் கோபிக்க வேண்டாம்.

இந்த வட்ட வட்டக் குழியெல்லாம் யார் வெட்டினாங்க?

தண்ணீர்தான். ஆனால் தண்ணீர் மட்டும் இல்லை, அது உருட்டிக்கொண்டு வரும் கற்களும். பள்ளத்தில் மாட்டிய கல் சுழலில் சுற்றிச் சுற்றி, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது மாதிரி, பாறையை அரைத்துக் குழியாக்குகிறது. குழி ஆழமாகி, பக்கத்துக் குழியோடு உடைந்து சேரும். சென்ட்ரல் கேஸ்கேடுக்கு மேலே 'கிளென் ஆஃப் பூல்ஸ்' என்ற இடத்தில் பாலத்தில் நின்று பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று வழியும் குழிகள் தெரியும்.

பாறையின் கதை இன்னும் பழையது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறும் மணலும் அடுக்கடுக்காகப் பாறையாயின. மெல்லிய தகடாக உரியும் ஷேல் ஓர் அடுக்கு, கெட்டியான மணற்கல் ஓர் அடுக்கு. ஷேல் சீக்கிரம் கரையும், மணற்கல் தாக்குப் பிடிக்கும். அதனால்தான் ஓடை சாய்வாக ஓடாமல் படிபடியாக விழுகிறது. கெட்டி அடுக்குக்கு அடியில் மெது அடுக்கு கரைந்து உள்வாங்கும் இடங்களில்தான் முந்தைய கேள்வியில் சொன்னபடி அருவிக்குப் பின்னே போக முடிகிறது. 'கதீட்ரல்' என்று பெயர் வைத்திருக்கும் அகலமான பகுதியில் கீழே குனிந்து பாருங்கள். பாதையில் பதிந்திருக்கும் ஒரு பெரிய பலகைக் கல்லில் வரிவரியாக அலை போனதன் தடம் இருக்கிறது. அந்தப் பழைய கடலின் அலை அது. பத்துப் பேரில் ஒன்பது பேர் மேலே பார்த்துக்கொண்டே அதை மிதித்துப் போகிறார்கள்.

இடுக்கு மட்டும் புதுசு. பனியுகத்தில் பனிப்பாறைகள் செனிகா ஏரியின் பள்ளத்தாக்கைத் தோண்டி ஆழமாக்கிவிட்டன. ஏரியின் ஆழம் 600 அடிக்கு மேல். பக்கவாட்டில் வந்த ஓடை அந்தரத்தில் நின்றுவிட்டது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியதும் ஓடை பள்ளத்தாக்குக்குள் விழ ஆரம்பித்து, பின்னோக்கி அறுத்துக்கொண்டே போனது. இன்னும் போகிறது.

படி, பாலமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வேலை மாதிரி இருக்கே?

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் 1930களின் வேலை. 1863-ல் மோர்வால்டன் எல்ஸ் என்ற பத்திரிகையாளர் இதைத் தனியார் சுற்றுலா இடமாகத் திறந்தார். 1906-ல் மாநில அரசு வாங்கியது. 1935 ஜூலையில் பெருவெள்ளம் வந்து பாதையை அடித்துக்கொண்டு போனது. இடுக்கின் உயரத்தில் ஒரு தொங்குபாலம் இருக்கிறது பாருங்கள், வெள்ளம் கிட்டத்தட்ட அதை எட்டிவிட்டது. பாலத்தில் நின்று கீழே ஓடையைப் பார்த்தால் நம்ப முடியாது.

அதன்பின் பெருமந்தக் காலத்து இளைஞர்களுக்கு வேலை கொடுக்க ஏற்பட்ட சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசுப் படை, பாறையோடு பாறையாகத் தெரியும் கல்லைக் கொண்டு பாதையைத் திரும்பக் கட்டியது. எது இயற்கை, எது கட்டியது என்று சில இடங்களில் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மழை பெய்தா கேன்சல் பண்ணணுமா?

தூறலுக்குப் பயப்பட வேண்டாம், கூட்டம் குறைந்து அருவிகள் தடிக்கும். கனமழைக்கும் இடிக்கும் கட்டாயம் ஒதுங்க வேண்டும். இடுக்கில் தண்ணீர் சீக்கிரம் ஏறும், ஒதுங்க இடம் இல்லை. தண்ணீர் ஏறினால் பூங்காவே பாதையை மூடிவிடும். அன்று டௌகானக் பார்வை மேடைதான் மாற்றுத் திட்டம்.

ஏப்ரல்லயே பனி உருகிடுதே, அப்புறம் ஏன் மே வரைக்கும் மூடி வெச்சிருக்காங்க? தாண்டிப் போயிடலாமா?

தாண்ட வேண்டாம். பனிக்காலம் முழுக்கப் பாறை இடுக்குகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து, உருகி, மறுபடி உறைந்து, ஷேல் அடுக்குகளைத் தளர்த்தியிருக்கும். வசந்தத்தில் ஊழியர்கள் சுவர்களைச் சோதித்து, தளர்ந்த பாறைகளைத் தட்டி விழவைத்த பிறகுதான் திறக்கிறார்கள். அந்த வேலை முடியாத பாதையில் நடப்பது என்றால், அவர்கள் தட்டவேண்டிய கல் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். குளிர்காலத்திலும் ஏப்ரலிலும் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு டௌகானக்கின் கீழ்ப் பாதை வருஷம் முழுக்க உண்டு.

டூர் பஸ்ல போறோம். ஒரு மணி நேரம்தான் நிறுத்துவாங்களாம். என்ன பார்க்கலாம்?

கீழ் வாசலில் இறங்கியதும் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நடக்க ஆரம்பியுங்கள். சுரங்கம், சென்ட்ரி பாலம், கேவர்ன் கேஸ்கேடு வரை நிதானமாகப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் போதும். ரெயின்போ அருவி வரை ஓட நினைத்தால் ஈரப் படியில் திரும்பி ஓடிவர வேண்டியிருக்கும், பெரியவர்களோடு அது சரிப்படாது.

காலைல கிளம்பி இதையும் பார்த்துட்டு ராத்திரி நயாகரா லைட்டையும் பார்த்துடலாமா?

இளவட்டங்களால் முடியும். எடிசனிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்கு நடை, 12 மணிக்குச் சாப்பாடு, மாலை நயாகரா. பெரியவர்களோடு போனால் மேலே சொன்ன மூன்று மணி நேரம் நாலாகும், நடந்த கால்கள் காரில் மரத்துப் போகும், இரவு விளக்கைப் பார்க்கும்போது யாருக்கும் கண் திறக்காது.

ஓர் இரவு வாட்கின்ஸ் கிளென்னிலோ கார்னிங்கிலோ தங்கிவிடுங்கள், காலை கூட்டம் வருமுன் நடக்கலாம். பிறகு நயாகரா போகும் வழியில், ராச்சஸ்டருக்குத் தெற்கே ரஷ் என்ற ஊரில் இலங்கைத் தமிழரான ஒரு குருவால் உருவான ராஜராஜேஸ்வரி கோயில் இருக்கிறது. பெண்களும் பூஜை செய்யும் கோயில் அது. அம்மாக்களுக்கு அதுதான் பயணத்தின் நடு இடைவேளை. நடை சாத்தும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.